மனித எச்சங்களில் நிலை ஐசோடோப்பு ஆய்வு: உணவையும் உடல்நலத்தையும் அறிய முழுமையான வழிகாட்டி

எலும்புத் துண்டைக் காட்டி, "இவர் என்ன சாப்பிட்டார் என்று சொல்ல முடியுமா?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, முடியாது என்பதுதான். பக்கத்துக் குழியில் கிடந்தவரைவிட இவர் உணவு எப்படி வேறுபட்டது, சிறுவயதுக்கும் முதுமைக்கும் இடையே எப்படி மாறியது, அதே மண்ணில் மேய்ந்த ஆட்டைவிட உணவுச் சங்கிலியில் இவர் எத்தனை படி மேலே இருந்தார் என்பதை வேண்டுமானால் சொல்லலாம். ஒரே தனிமத்தின், எடையில் மட்டும் வேறுபட்டு, கதிரியக்கத்தால் சிதையாமல் நிற்கும் அணு வகைகளே நிலை ஐசோடோப்புகள். கார்பன்-13, நைட்ரஜன்-15 போன்றவற்றின் பங்கு உண்ட உணவுக்கேற்ப உடல் திசுக்களில் பதிகிறது. அதை அளக்கும் இந்த முறை முழுக்க முழுக்க ஒப்பீட்டில் நிற்கிறது. எதோடு ஒப்பிடப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் எலும்பை வெட்டுவதே புதியவர்கள் செய்யும் முதல் தவறு. கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். பின்படியில் நேரும் பிழைகளைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். முன்படியில் நேர்ந்த பிழைக்கு மருந்தில்லை.

1. கேள்வியைச் சிறிதாக்குங்கள்

"இந்த மக்களின் உணவு" என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. "ஆண்களும் பெண்களும் உண்ட விலங்குப் புரதத்தில் வேறுபாடு உண்டா?", "குழந்தைகள் எந்த வயதில் பால்குடி மறந்தார்கள்?", "இறப்பதற்கு முந்தைய மாதங்களில் இவர் பட்டினி கிடந்தாரா?" என்பவை கேள்விகள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. இம்மூன்றுக்கும் வெவ்வேறு திசு தேவை. முதல் கேள்விக்கு விலா எலும்பு போதும். இரண்டாவதற்குக் குழந்தைகளின் எலும்போ பெரியவர்களின் முதல் கடைவாய்ப்பல்லோ வேண்டும். மூன்றாவதற்கு முடியோ நகமோ இல்லாவிட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்காது.

2. அனுமதி, பதிவு, பிறகுதான் ரம்பம்

இது எச்சத்தை அழித்துச் செய்யும் ஆய்வு. வெட்டிய எலும்பு திரும்ப வராது. எச்சங்களைப் பாதுகாக்கும் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி, வழித்தோன்றல் சமூகம் இருந்தால் அவர்களின் ஒப்புதல், மீதியை என்ன செய்வது என்ற உடன்பாடு ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

வெட்டுவதற்கு முன்பே வயது, பாலினம், நோய்க்குறிகள், பல் தேய்மானம் எல்லாவற்றையும் எலும்பியல் அறிந்தவர் பதிவு செய்திருக்க வேண்டும். நிழற்படம் கட்டாயம், முப்பரிமாணப் பதிவு இருந்தால் இன்னும் நல்லது. அதே எலும்பில் கார்பன் காலக்கணிப்போ மரபணு ஆய்வோ செய்யும் திட்டம் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். எலும்பின் முக்கியப் புரதமான கொலாஜனை ஒருமுறை பிரித்துவிட்டால் காலக்கணிப்புக்கும் பயன்படுத்தலாம். இரண்டு குழுக்கள் ஒரே எலும்பைத் தனித்தனியாகக் குடைவது வீண் சேதம்.

3. எந்தத் திசு எந்தக் காலத்தைச் சொல்கிறது

இந்தப் படியில் நேரத்தைச் செலவிடுங்கள். ஒவ்வொரு திசுவும் வாழ்க்கையின் வேறொரு பகுதியை நினைவில் வைத்திருக்கிறது.

எலும்பு வாழ்நாள் முழுவதும் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அதன் வேகம்தான் இடத்துக்கு இடம் வேறு. விலா எலும்பு ஓரளவு வேகமாக மாறுவதால் இறப்புக்கு முந்தைய சில ஆண்டுகளின் சராசரியைக் காட்டுகிறது. தொடை எலும்பின் கெட்டியான பகுதி மிக மெதுவாக மாறுகிறது. நடுவயதில் இறந்தவரின் தொடை எலும்பில் அவருடைய பதின்பருவ உணவும் கலந்திருக்கும். ஒருவரிடம் விலாவையும் இன்னொருவரிடம் தொடையையும் எடுத்து ஒப்பிட்டால் உணவு வேறுபாட்டுக்குப் பதில் கால வேறுபாட்டை அளந்துகொண்டிருப்பீர்கள்.

பல்லின் உட்பகுதியான டென்டின் இப்படி மாறுவதில்லை. முதன்மை டென்டின் உருவான பிறகு அப்படியே நிற்கிறது. முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் பிறப்பையொட்டி உருவாகத் தொடங்குகிறது. மேற்பகுதி சுமார் மூன்று வயதில் முடிகிறது, வேர் நுனி ஒன்பது, பத்து வயதில் மூடுகிறது. அந்தப் பத்தாண்டு நாட்குறிப்பை மேலிருந்து கீழாக வாசிக்கலாம். எண்பது வயதில் இறந்தவரின் குழந்தைப் பருவமும் அங்கே இருக்கிறது.

முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. வேர்முனை அடையாளம் தெரிந்தால் மாதவாரியாக வெட்டலாம். எந்த முனை வேர் என்று குறிக்காமல் முடியை உறையில் போட்டுவிட்டால் காலவரிசையே போய்விடும். நூலால் கட்டி, கட்டிய முனைதான் வேர் என்று எழுதி வையுங்கள்.

இனி வேதியியல். கொலாஜனில் உள்ள கார்பன் பெரும்பாலும் உணவின் புரதத்திலிருந்து வருகிறது. எலும்பு, பற்சிப்பி இவற்றின் கனிமப் பகுதியில் உள்ள கார்பனேட்டோ புரதம், மாவுச்சத்து, கொழுப்பு மூன்றும் சேர்ந்த மொத்த உணவைக் காட்டுகிறது. இறைச்சியோடு சிறிது சோளம் தின்றவரின் சோளம் கொலாஜனில் மறைந்துபோகலாம், கார்பனேட்டில் தலைகாட்டும். ஆனால் எலும்பின் கனிமம் மண்ணோடு கார்பனை எளிதில் பரிமாறிக்கொள்கிறது. அதனால் கார்பனேட் வேண்டுமென்றால் பற்சிப்பியையே எடுங்கள். வழக்கமான முறைகளில் பற்சிப்பியிலிருந்து நைட்ரஜன் அளவு கிடைக்காது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

4. ஒப்பீட்டுக்கான அடித்தளம்

மனித எலும்புக்கு அனுமதி வாங்கும்போதே அதே இடத்தின், அதே காலத்தின் விலங்கு எலும்புகளுக்கும் வாங்கிவிடுங்கள். எனக்கு இது தாமதமாகத்தான் உறைத்தது. முதல் ஆய்வில் நாற்பது மனித மாதிரிகளை அளந்து முடித்த பிறகுதான் "இந்த நைட்ரஜன் அளவு அதிகமா, குறைவா?" என்ற கேள்வி எழுந்தது. பதில் சொல்ல ஓர் ஆட்டு எலும்புகூட என்னிடம் இல்லை.

ஏன் வேண்டும்? உணவுச் சங்கிலியில் படி ஏற ஏற நைட்ரஜன்-15 ஏறும், ஆனால் தொடக்கப் புள்ளியான தாவரத்தின் நைட்ரஜன்-15 அளவு மண்ணைப் பொறுத்தது. வறண்ட நிலத்தில் அது உயர்கிறது. தொழு உரம் இட்ட வயலில் இன்னும் உயர்கிறது. உரமிட்ட தானியத்தை மட்டுமே தின்ற ஒருவர் எண்ணளவில் இறைச்சி தின்றவரைப் போலத் தெரியலாம். உள்ளூர்த் தாவர உண்ணிகளின் அளவு தெரிந்தால் குழப்பம் பாதி தீரும். கருகிய தானிய மணிகள் கிடைத்தால் அவற்றையும் அளங்கள்.

என் கணக்கில், இனத்துக்கு ஐந்தாறு விலங்குகளுக்குக் குறைந்தால் சராசரி போடுவதில் பயனில்லை. முழு வளர்ச்சி அடைந்த விலங்குகளையே எடுங்கள். இங்கே வழுக்கி விழுந்தவர்கள் பலர். பால்குடிக்கும் கன்றின் எலும்பில் நைட்ரஜன்-15 தாயைவிட உயர்ந்திருக்கும். அதை அடித்தளமாக வைத்தால் மனிதர்கள் இறைச்சியே தொடாதவர்களாகத் தோன்றுவார்கள்.

பழைய எச்சங்களை இன்றைய உணவுப் பொருள்களோடு ஒப்பிட வேண்டி வந்தால் ஒரு திருத்தம் தேவை. நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததால் வளிமண்டலக் கார்பனில் கார்பன்-13 பங்கு குறைந்துவிட்டது. தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால் இன்று ஏறத்தாழ 2‰ குறைவு. (‰ என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு.) இன்றைய தாவரங்களின் அளவோடு இதைக் கூட்டிய பிறகே ஒப்பிட வேண்டும்.

5. மாதிரி எடுத்தல்

அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை எலும்பு போதும். பாதுகாப்பு நன்றாக இருந்தால் இன்னும் குறைவாகவே எடுக்கலாம். கெட்டியான, அடர்த்தியான பகுதியைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே உடைந்த விளிம்பு இருந்தால் அங்கிருந்து எடுப்பதே மரியாதை.

நோய்க்குறி உள்ள இடத்திலிருந்து எடுக்காதீர்கள், நோயையே ஆராய்வதாக இருந்தாலொழிய. முறிந்து சேர்ந்த இடத்திலும் சீழ் பிடித்த இடத்திலும் அண்மையில் உருவான எலும்பு அதிகம் இருக்கும். அது அதே எலும்பின் மற்ற பகுதியிலிருந்து வேறுபட்ட அளவைத் தரக்கூடும்.

மேற்பரப்பைச் சுரண்டி நீக்குங்கள். பழைய சேகரிப்புகளில் பசையும் பூச்சும் இருக்கும், அவையெல்லாம் கார்பன். பளபளப்போ, நகம் பட்டால் வழுக்கும் தோலோ தெரிந்தால் அசிட்டோனில் கழுவ வேண்டும்.

அசிட்டோன் என்றதும் ஒரு பழைய அவமானம் நினைவுக்கு வருகிறது. குப்பிகளின் மேல் சாதாரண மை பேனாவால் எண் எழுதியிருந்தேன். ஈரக் கையுறையோடு எடுத்தபோது பதினோரு குப்பிகளின் எண்களும் நீலக் கறையாகக் கரைந்துவிட்டன. அந்தப் பதினோரு பேரும் பெயரற்றவர்களானார்கள். அன்றிலிருந்து குப்பியின் மேல் கீறி எழுதுகிறேன், மூடியில் இரண்டாம் முறை, குறிப்பேட்டில் மூன்றாம் முறை.

6. கொலாஜனைப் பிரித்தல்

வேலை எளிது, பொறுமைதான் கடினம்.

முதலில் காலிக் குப்பியின் எடையைக் குறியுங்கள். பிறகு எலும்பின் எடை. இறுதியில் எத்தனை விழுக்காடு கொலாஜன் கிடைத்தது என்று கணக்கிட இவை இரண்டும் வேண்டும். குப்பியை எடைபோட மறந்துவிட்டுக் கடைசி நாளில் தலையில் கைவைப்பவரை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

அடுத்து, எலும்புத் துண்டை 0.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு 4 டிகிரி செல்சியஸில் வையுங்கள். கனிமத்தைக் கரைப்பதே நோக்கம். ஓரிரு நாளுக்கு ஒருமுறை அமிலத்தை மாற்றுங்கள். அவசரப்பட்டு அறை வெப்பத்திலோ அடர் அமிலத்திலோ போட்டால் கனிமத்தோடு கொலாஜனும் அறுந்து கரைந்துபோகும். மாவாகப் பொடிப்பதும் இதே காரணத்தால் ஆபத்து. பொடி வேகமாகக் கரையும், ஆனால் கழுவும்போது பாதி கொலாஜன் தண்ணீரோடு போய்விடும். சிறு துண்டுகளே நல்லது.

முடிந்ததை எப்படி அறிவது? துண்டு உருவம் மாறாமல் ஜெல்லி போல மென்மையாகி, வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும். குமிழிகள் நின்றிருக்கும். கண்ணாடிக் கோலால் மெல்ல அழுத்துங்கள். நடுவில் கல் போன்ற கரு தட்டுப்பட்டால் இன்னும் ஒரு முறை அமிலம் மாற்ற வேண்டும். சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். நாட்காட்டியை நம்பாதீர்கள், கோலை நம்புங்கள்.

நன்றாகக் கழுவிய பிறகும் துண்டு அடர் பழுப்பாக இருந்தால் மண்ணின் மட்கு அமிலங்கள் ஒட்டியிருக்கின்றன. 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்தால் அவை வெளியேறும். இது கொலாஜனையும் கொஞ்சம் தின்னும் என்பதால் தேவையானவற்றுக்கு மட்டும் செய்யுங்கள். அண்மைக்கால எலும்பாக இருந்தால் கொழுப்பையும் குளோரோஃபார்ம்–மெத்தனால் கலவையால் நீக்க வேண்டும். கொழுப்பில் கார்பன்-13 குறைவு. மிச்சம் இருந்தால் கார்பன் அளவைக் கீழே இழுக்கும்.

இனி பிஎச் 3 உள்ள நீரில் 70 முதல் 75 டிகிரியில் 48 மணி நேரம் வையுங்கள். கொலாஜன் ஜெலட்டினாகக் கரையும், கரையாத குப்பை அடியில் தங்கும். வடிகட்டி, உறையவைத்து, உறைநிலை உலர்த்தியில் இரண்டு நாள் வைத்தால் வெண்பஞ்சு போல ஒன்று கிடைக்கும். பஞ்சுக்குப் பதில் பழுப்புத் தூளோ கண்ணாடிச் சிதறலோ கிடைத்தால் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். 8-ஆம் படியில் உதவும்.

7. அளவீடு

ஒவ்வொரு மாதிரியிலும் அரை மில்லிகிராம் முதல் ஒரு மில்லிகிராம் வரை வெள்ளீயக் குப்பியில் இட்டு, குறைந்தது இரண்டு முறை அளக்க வேண்டும். குப்பியைக் காற்று உள்ளே தங்காதபடி இறுக்கி மடியுங்கள். காற்றில் இருப்பதும் நைட்ரஜன்தான்.

மாதிரி எரிந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நைட்ரஜன் வாயுவாகவும் மாறி, அவற்றை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் போகிறது. கிடைக்கும் டெல்டா மதிப்பு ஓர் ஒப்பீட்டு எண். மாதிரியின் ஐசோடோப்பு விகிதத்தைத் தர அளவின் விகிதத்தால் வகுத்து, ஒன்றைக் கழித்து, ஆயிரத்தால் பெருக்குகிறோம். கார்பனுக்குத் தர அளவு வியன்னா பிடிபி என்ற பன்னாட்டு அளவுகோல், நைட்ரஜனுக்குக் காற்று.

ஆய்வகத்திடம் கேட்க வேண்டியவை: எந்தெந்தத் தரப்பொருள்களால் சீர்செய்தார்கள் (யுஎஸ்ஜிஎஸ் 40 போல மதிப்பு அறிந்த ஒன்றும், அதிலிருந்து மதிப்பால் விலகி நிற்கும் இரண்டாவதும் வேண்டும்), இடையிடையே அறிந்த கொலாஜன் ஒன்றை வைத்தார்களா, அளவீட்டுப் பிழை எவ்வளவு. பிழை வழக்கமாக 0.2‰-ஐ ஒட்டி இருக்கும். அப்படியிருக்க இருவருக்கிடையே 0.3‰ வேறுபாட்டை வைத்துக் கதை எழுதக்கூடாது.

8. தரச் சோதனை

எண்களைப் பார்த்ததும் வரைபடம் போடக் கை துடிக்கும். பொறுங்கள். அளந்தது கொலாஜன்தானா என்று முதலில் பாருங்கள்.

புத்தெலும்பில் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கொலாஜன் இருக்கும். பிரித்தது 1%-க்குக் கீழே இருந்தால் சந்தேகப்படுங்கள். கொலாஜனில் கார்பன் 13%-க்கும் நைட்ரஜன் 4.8%-க்கும் கீழே இறங்கினால் ஒதுக்கிவிடுங்கள்.

முக்கியமானது கார்பன்–நைட்ரஜன் விகிதம். 2.9 முதல் 3.6 வரை ஏற்கத்தக்கது. நல்ல கொலாஜன் 3.2-ஐ ஒட்டி நிற்கும். ஆனால் இது அணுக்களின் விகிதம், எடை விகிதம் அல்ல. கார்பன் 41.5%, நைட்ரஜன் 15.2% என்று வந்தால் நேரடியாக வகுத்தால் 2.73. "எல்லைக்கு வெளியே" என்று அருமையான மாதிரிகளைக் குப்பையில் போட்ட மாணவரை எனக்குத் தெரியும். நைட்ரஜனின் அணு எடை 14-ஐக் கார்பனின் 12-ஆல் வகுத்துக் கிடைக்கும் 1.167-ஆல் பெருக்குங்கள்: 3.19. மாதிரி பிழைத்தது.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். எல்லா மாதிரிகளின் விகிதத்தையும் கார்பன் மதிப்பையும் ஒரே படத்தில் வையுங்கள். விகிதம் ஏற ஏறக் கார்பன் மதிப்பு இறங்கினால், ஒவ்வொரு மாதிரியும் எல்லைக்குள் இருந்தாலும், கொழுப்போ மட்கு அமிலமோ கலந்திருக்கிறது என்று பொருள்.

9. உணவை வாசித்தல்

ஒளிச்சேர்க்கை செய்யும் விதத்தால் தாவரங்கள் சி3, சி4 என்று பிரிகின்றன. நெல், கோதுமை, பெரும்பாலான காய்கனிகள், மரங்கள் சி3 தாவரங்கள். அவற்றின் கார்பன் மதிப்பு சராசரியாக −26.5‰. மக்காச்சோளம், கம்பு, சோளம், கரும்பு ஆகியவை சி4, சராசரி −12.5‰. கொலாஜன் உணவைவிட ஏறத்தாழ 5‰ உயர்ந்து நிற்கும். எனவே முழு சி3 உணவுக்காரரின் கொலாஜன் −21.5 அருகிலும் முழு சி4 உணவுக்காரருடையது −7.5 அருகிலும் இருக்கும். நைட்ரஜன் உணவுச் சங்கிலியில் படிக்கு 3 முதல் 5‰ ஏறும்.

ஒருவருக்குக் கார்பன் −14.5 என்று வந்தது என வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனைகளுக்கும் சரிநடு. பாதி சி4 என்று எழுதத் தோன்றும். கடல் மீனும் இதே இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். நைட்ரஜன் 9 என்றால் தானியம், 16 என்றால் கடல் என்று ஓரளவு பிரிக்கலாம். ஆனால் சி4 தீவனம் தின்ற மாட்டின் இறைச்சியும் பாலும் இடையில் புகுந்து குழப்பும். அப்போது கந்தகத்தின் ஐசோடோப்பு கைகொடுக்கும். கடல்நீரின் சல்பேட் 21‰-ஐ ஒட்டியது, நிலத்து மதிப்புகள் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. கடலோர மண்ணில் கடற்தூவல் படிவதால் அங்கே இந்தச் சாட்சியும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல.

எந்த உணவு எவ்வளவு என்று கணிக்கும் கலவைக் கணிப்பு (mixing model) கணினி நிரல்கள் விழுக்காடுகளை அழகாகத் தரும். இரண்டு ஐசோடோப்புகளை வைத்துக்கொண்டு ஆறு உணவு வகைகளைப் பிரிக்கச் சொன்னாலும் அது மறுக்காது, ஏதோ ஒரு விடையைத் தரும். உள்ளிட்ட முன்னனுமானத்தை மாற்றி மீண்டும் ஓட்டிப் பாருங்கள். விடை அதோடு சேர்ந்து நகர்ந்தால் அது உங்கள் அனுமானமே, எலும்பு சொன்னதல்ல.

10. உடல்நலத்தை வாசித்தல்

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை தாயைவிட ஒரு படி மேலே உண்கிறது. நைட்ரஜன் 2 முதல் 3‰ உயரும், கார்பன் சுமார் 1‰. துணை உணவு தொடங்கியதும் இறங்கும். பல வயதுக் குழந்தைகளின் எலும்புகளை வரிசையாக வைத்து இந்த இறக்கத்தைப் பார்ப்பது பழைய வழி. அதில் ஒரு கண்ணி இருக்கிறது. அவர்கள் அனைவரும் இறந்த குழந்தைகள். நோயுற்று இறந்தவரின் பால்குடிப் பழக்கம் பிழைத்தவருடையதாக இருக்க வேண்டியதில்லை. பெரியவர்களின் முதல் கடைவாய்ப்பல்லை மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டினால், பிழைத்தவரின் குழந்தைப் பருவம் கிடைக்கும். டென்டின் சாய்வாகப் படிவதால் ஒவ்வொரு துண்டிலும் அடுத்தடுத்த மாதங்கள் கலந்திருக்கும். வயதைப் புள்ளியாக எழுதாமல் வீச்சாக எழுதுங்கள்.

பட்டினியில் உடல் தன் தசையையே எரிக்கிறது, அதாவது தன்னையே தின்கிறது. எனவே நைட்ரஜன் மதிப்பு ஏறும். கொழுப்பும் எரிவதால் கார்பன் இறங்கக்கூடும். இரண்டும் எதிர்த்திசையில் நகர்வதே கவனிக்க வேண்டிய தடயம். உணவு மாற்றத்தில் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே நகரும். அயர்லாந்தின் 1845–1852 பெரும் பஞ்சத்தில் கில்கென்னி ஏழையர் விடுதியில் இறந்தவர்களின் பற்களில் இந்த வாசிப்பைச் சரிபார்க்க முடிந்தது. நிவாரணமாக வந்த மக்காச்சோளம் சி4 என்பதால் உருளைக்கிழங்கு தின்று வளர்ந்தவர்களின் டென்டினில் கார்பன் ஏற்றமாகப் பதிந்தது. பட்டினியின் நைட்ரஜன் ஏற்றமும் அதே துண்டுகளின் வரிசையில் தெரிந்தது. எழுத்து ஆவணமும் பல்லும் ஒத்துப்போகும் இத்தகைய இடங்களில் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

கருவுற்ற காலத்தில் உடல் புதுத்திசு கட்டுவதால் நைட்ரஜன் இறங்கலாம், முடியில் இது தெரிந்திருக்கிறது. பெரியவரின் எலும்பில் இவற்றைத் தேடாதீர்கள். பல ஆண்டுச் சராசரிக்குள் மூன்று மாதப் பட்டினி கரைந்துபோகும். நைட்ரஜன் ஏற்றத்தை மட்டும் வைத்து "நோயுற்றிருந்தார்" என்றும் எழுதாதீர்கள். அதே ஏற்றத்தை மீனும் தரும், தாய்ப்பாலும் தரும், உரமிட்ட வயலும் தரும். எலும்பியல் பதிவில் சிறுவயது நலக்குறைவைக் காட்டக்கூடிய பற்சிப்பி வரிகளோ கண்குழித் துளைகளோ இருந்து, அவை உருவான வயதும் டென்டின் ஏற்றத்தின் வயதும் பொருந்தினால் அப்போது பேசலாம்.

11. எழுதும்போது

ஒவ்வொருவருக்கும் எந்த எலும்பு, கொலாஜன் விழுக்காடு, கார்பன், நைட்ரஜன் விழுக்காடுகள், அணு விகிதம், டெல்டா மதிப்புகள் எல்லாவற்றையும் அட்டவணையில் தாருங்கள். ஒதுக்கிய மாதிரிகளையும் ஏன் ஒதுக்கினீர்கள் என்பதோடு சேருங்கள். அட்டவணை இல்லாத வரைபடத்தை வேறு எவரும் தம் தரவோடு ஒப்பிட முடியாது.

மீந்த கொலாஜனை எண்ணிட்டு, உலர்ந்த இடத்தில் வைத்து, எங்கே இருக்கிறது என்று பாதுகாக்கும் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுங்கள். அடுத்தவர் கேட்டு வரும்போது அந்தக் குப்பியைக் கொடுத்தால் போதும், எலும்பை மறுபடி வெட்ட வேண்டியிருக்காது.